எல்லாருக்கும் ஒரே தராசு

கடந்த மாதம் எங்கள் தோட்டத்தில் ஒரு உள்ளக விசாரணை நடந்தது. உரக் களஞ்சியத்திலிருந்து இரண்டு மூடை காணாமல் போய்விட்டன என்றும், எடுத்தவர் நமது சங்க உறுப்பினர் ஒருவர் என்றும் நிர்வாகம் குற்றப்பத்திரம் கொடுத்திருந்தது. சாட்சி ஒரே ஒருவர், காவற்காரர். பொழுது சாய்ந்த நேரத்தில், பனிமூட்டத்துக்குள் ஒரு ஆள் போவதைக் கண்டதாகவும், நடையை வைத்து அது இன்னார்தான் என்று தெரிந்துகொண்டதாகவும் அவர் சொன்னார்.

நமது தோட்டக் கமிட்டி விடவில்லை. எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தீர்கள்? வெளிச்சம் இருந்ததா? முகத்தைக் கண்டீர்களா? எவ்வளவு நேரம் கண்ணில் பட்டார்? அன்றைக்கே பெயரைச் சொல்லாமல் மூன்று நாள் கழித்துச் சொன்னது ஏன்? ஒன்றுக்கும் சரியான பதில் வரவில்லை. அடுத்த வாரமே அந்தத் தோழர் பிரட்டுக்குப் போய்ப் பேர் வாங்கினார். அன்று மாலை கொழுந்து மடுவத்தில் எல்லாருக்கும் சந்தோஷம்.

ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கொழுந்தை நிறுத்துவிட்டு என்னிடம் வந்தார். "நல்லாத்தான் கேட்டீங்க டீச்சர். அன்னைக்கு எம் மகனுக்கு இதுல ஒண்ணக்கூட ஏன் கேக்கல?" என்றார். பதிலுக்கு நிற்காமல் லயத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் டிவிஷன் கோயில் உண்டியலை யாரோ உடைத்துவிட்டார்கள். அந்த அக்காவின் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. என்னிடம் படித்தவன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து, வேலை போய் வீடு திரும்பியிருந்தான். உண்டியல் உடைந்த இரவு தொப்பி போட்ட ஒருவர் கோயில் பக்கமிருந்து போவதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. பீலிக்கரையில் அந்தப் பேச்சு இரண்டு மூன்று வாய் மாறியபோது தொப்பிக்காரருக்கு இவனுடைய பெயர் வந்துவிட்டது. "கொழும்பிலயும் ஏதோ பிரச்சினையாம், அதுதான் வந்துட்டான்" என்ற கதையும் சேர்ந்துகொண்டது. அன்று இரவு எங்கே இருந்தாய் என்று கேட்டபோது முதலில் வீட்டில் என்றான். பிறகு வேறு லயத்தில் சிநேகிதன் வீட்டில் என்றான். பொலிஸார் கூட்டிக்கொண்டு போனார்கள். "ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டானாம்" என்ற செய்தி பின்னாலேயே வந்தது.

அன்று மாலை கோயில் படியில் கூட்டம் கூடியது. கமிட்டித் தலைவர், கோயில் சபை, பெரியவர்கள், நான். அந்த வீட்டில் திருவிழாவுக்கு வரி வாங்குவதில்லை என்று முடிவெடுத்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லையென்று அவனை விடுவித்தது. கோயில் படியில் கொடுத்த தீர்ப்பை யாரும் விடுவிக்கவில்லை. அவன் மறுபடி கொழும்புக்குப் போய்விட்டான். அவனுடைய தங்கை என் வகுப்பில் படித்தாள். ஒரு தவணை முழுவதும் பாடசாலைக்கு வரவில்லை. வந்தபோது கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

உண்டியலை உடைத்தது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேறொருவர் பிடிபட்டிருந்தால் இந்தக் கட்டுரை எழுதுவது சுலபம். அப்படி யாரும் பிடிபடவில்லை. அவன்தான் என்று சொல்ல அன்றைக்கு நம் கையில் என்ன இருந்தது என்று மட்டும்தான் இப்போது என்னால் கேட்க முடியும்.

இந்தக் கேள்வியை நீதிமன்றம் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம். அதை நன்றாகக் காட்டுவது ஜூரி முன்னிலையில் நடக்கும் விசாரணை.

நமது நாட்டு மேல் நீதிமன்றங்களில் இன்று பெரும்பாலான வழக்குகளை நீதிபதி தனியாகவே விசாரிக்கிறார். கொலை போன்ற சில பாரிய குற்றங்களில், குற்றம் சாட்டப்பட்ட எதிரி விரும்பிக் கேட்டால் ஜூரி சபை முன்னிலையில் வழக்கு நடக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த முறை இது. ஜூரி சபையில் 7 பேர். சட்டம் படித்தவர்களாக இருக்கத் தேவையில்லை. உங்களையும் என்னையும் போல வேறு தொழில் செய்பவர்கள்தான். தீர்ப்புச் சொல்ல 7 பேரும் ஒத்துப்போக வேண்டும், அல்லது குறைந்தது 5 பேராவது ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

சட்டம் படிக்காத 7 பேரிடம் ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. இரு தரப்புச் சட்டத்தரணிகளும் பேசி முடித்த பின், நீதிபதி ஜூரர்களைப் பார்த்துத் தொகுப்புரை ஆற்றுவார். சட்டம் என்ன என்று சொல்வது என் வேலை, நடந்தது என்ன என்று முடிவு செய்வது உங்கள் வேலை என்பார். பிறகு சாட்சியத்தை எப்படி நிறுக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பார். அதில் பிழை விட்டால், மேல் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையே மேன்முறையீட்டில் தள்ளுபடி செய்யலாம். அவ்வளவு முக்கியம்.

நாம் தராசைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தேவையில்லை. மடுவத்துத் தராசு பிழையென்றால், எவ்வளவு நல்ல கொழுந்து பறித்திருந்தாலும் கணக்குப் பிழைதான். சாட்சியத்துக்கும் அதே கதைதான்.

நீதிபதி முதலில் சொல்வது, நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டியவருடையது என்பது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்றே கொள்ளப்பட வேண்டும் என்று நமது அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை சொல்கிறது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும். சும்மா கற்பனையில் எழும் சந்தேகம் இதில் சேராது. எல்லாச் சாட்சியத்தையும் கேட்ட பிறகும், நிதானமான ஒருவரின் மனதில் காரணத்தோடு நிற்கும் சந்தேகமே நியாயமான சந்தேகம். அது நின்றால் அதன் பலன் எதிரிக்குப் போக வேண்டும். எதிரி வாய் திறக்காமல் இருந்தாலும் அந்தப் பொறுப்பு அவர் தலைக்கு மாறாது.

இங்கிலாந்தில் 1935இல் முடிந்த ஒரு வழக்கு இதற்கு உதாரணம். ரெஜினால்ட் வுல்மிங்டன் என்ற 21 வயது பண்ணைத் தொழிலாளி. பிரிந்து தாய் வீட்டுக்குப் போயிருந்த மனைவியைப் பார்க்கத் துப்பாக்கியோடு போனான். துப்பாக்கி வெடித்தது, அவள் இறந்தாள். அவளுக்கு வயது 17. வராவிட்டால் என்னையே சுட்டுக்கொள்வேன் என்று பயமுறுத்தத்தான் கொண்டு போனேன், தவறி வெடித்துவிட்டது என்றான் அவன். முதல் ஜூரியால் முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாவது விசாரணையில், சுட்டது உறுதியான பிறகு அது தற்செயல் என்று காட்டுவது அவன் பொறுப்பு என்ற கருத்தில் நீதிபதி ஜூரிக்கு அறிவுறுத்தினார். ஜூரி குற்றவாளி என்றது. மரண தண்டனை. கடைசியில் பிரபுக்கள் சபை தண்டனையை ரத்துச் செய்தது. அவன் ஒன்றும் செய்யாதவன் என்று அது சொல்லவில்லை. ஜூரிக்குச் சொன்னது பிழை என்றது. அந்தப் பெண்பிள்ளையை நினைத்தால் எனக்கும் மனம் ஆறவில்லை. ஆனாலும் பாரத்தைத் தவறான தோளில் ஏற்றி ஒருவனைத் தூக்கில் போடக்கூடாது என்பது சரி. 

கோயில் படியில் நாம் என்ன செய்தோம்? "நீ எடுக்கலன்னா எடுக்கலன்னு காட்டு" என்றோம். செய்யாததை ஒருவன் எப்படிக் காட்டுவான்?

அடுத்தது கண்ணால் கண்ட சாட்சி. சாட்சிகளின் தலையை எண்ண வேண்டாம் என்பார் நீதிபதி. நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவும், ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று கணக்கில்லை என்கிறது. நம்பகமான ஒரு சாட்சி போதும். நம்ப முடியாத பத்துப் பேர் போதாது.

பொய் சொல்லாத சாட்சியும் பிழை விடலாம். லண்டனில் பெண்களை ஏமாற்றி நகைகளைப் பறித்தவர் என்று அடோல்ஃப் பெக் என்பவர் 1896இல் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். வெளியே வந்த பின் 1904இல் அதே குற்றத்துக்கு மறுபடியும் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. இரண்டு வழக்கிலுமாகப் பத்துக்கு மேற்பட்ட பெண்கள் இவர்தான் என்று கை காட்டினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார்கள். அந்த நேரத்தில் உண்மையான மோசக்காரன் பிடிபட்டான். அந்த அநியாயத்துக்குப் பிறகுதான், 1907இல், இங்கிலாந்தில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உருவானது. பின்னர் 1976இல் டர்ன்புல் வழக்கில், அடையாளம் காட்டும் சாட்சியத்தை ஜூரி எப்படிப் பார்க்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். தூரம் எவ்வளவு, வெளிச்சம் எப்படி, எவ்வளவு நேரம், இடையில் மறைப்பு இருந்ததா, முன்பே பழக்கமான ஆளா, கண்டதற்கும் பெயர் சொன்னதற்கும் இடையில் எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். நன்றாகத் தெரிந்த ஆளைக் கண்டேன் என்று சொல்பவரும் பிழை விடலாம் என்று எச்சரிக்கவும் வேண்டும். நமது நீதிமன்றங்களும் இதை எடுத்துக்கொள்கின்றன. உர மூடை விசாரணையில் நமது கமிட்டி கேட்டது கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான்.

மூன்றாவது, தராசுத் தட்டில் வைக்கவே கூடாதவை. ஒருவர் கண்டதை அவரே வந்து சொல்ல வேண்டும். அவர் சொன்னதாக இன்னொருவர் சொல்வதைப் பொதுவாகச் சாட்சியமாக எடுப்பதில்லை. எதிரி முன்பு கெட்டவராக இருந்தார் என்பதை, அவர் தரப்பு நல்லவர் என்று சாட்சி கொண்டுவந்தாலொழிய, பொதுவாகக் கொண்டுவர முடியாது. இது 54ஆம் பிரிவு. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. இது 25ஆம் பிரிவு. ஸ்டேஷனில் ஒப்புதல் எப்படி எப்படியெல்லாம் கிடைக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நமக்கும் தெரியும். தெரிந்திருந்தும் "ஒத்துக்கிட்டானாம்" என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் அன்று கூட்டம் முடிந்தது. பீலிக்கரைப் பேச்சு, கொழும்புக் கதை, ஸ்டேஷன் கதை மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நம்மிடம் மிஞ்சியது ஒரு தொப்பி.

அவன் முதலில் பொய் சொன்னானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதற்கும் ஜூரிக்கு ஒரு அறிவுறுத்தல் உண்டு. பொய் சொன்னதாலேயே ஒருவர் குற்றவாளி என்று எண்ணக்கூடாது. பயத்தில், வெட்கத்தில், வேறொன்றை மறைப்பதற்காக நிரபராதியும் பொய் சொல்வார். அப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாமா என்று முதலில் பார்க்க வேண்டும். இரவில் ஊர் சுற்றியதை அப்பாவிடம் மறைக்கும் பத்தொன்பது வயதுப் பையன்கள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள்.

நான்காவது, ஒரு வழக்கில் பல எதிரிகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் எதிரான சாட்சியத்தைத் தனித்தனியாக நிறுக்க வேண்டும். நாம் ஒருவன் மேல் சந்தேகப்பட்டு ஒரு வீட்டையே ஒதுக்கினோம். தாய்க்கு எதிராக என்ன சாட்சி? கடைசி வாங்கில் உட்கார்ந்த அந்தப் பிள்ளைக்கு எதிராக என்ன சாட்சி?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இவையெல்லாம் குற்றம் செய்தவனைக் காப்பாற்றும் வழிகள் என்று யாரும் நினைக்கக்கூடாது. இந்தத் தராசு பாதிக்கப்பட்டவருக்கும் உரியதுதான். நமது லயங்களில் ஒரு பெண் தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் "யாரு பாத்தா? சாட்சி எங்க?" என்று வாயை அடைக்கிறோம். ஒரே ஒரு சாட்சி போதும் என்ற 134ஆம் பிரிவு அவளுக்காகவும்தான் இருக்கிறது. பாலியல் வழக்குகளில் பெண்ணின் சொல்லை மட்டும் நம்பிக் குற்றவாளி என்பது ஆபத்து என்று ஜூரிக்கு எச்சரிக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தது. 1994இல் சட்டம் கொண்டுவந்து அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். அறிவுறுத்தலிலும் அநியாயம் இருக்கலாம். போராடித்தான் திருத்த வேண்டும். சம்பளத்துக்குப் போராடும் நமக்கு இது புதிதல்ல.

ஜூரி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கு சிங்களம் பேசும் ஜூரி சபை முன்னிலையில் நடந்து, 2016 டிசம்பர் 24 அதிகாலையில் எதிரிகள் 5 பேரும் விடுதலையானார்கள். நீதிபதி தனியாகத் தீர்ப்புக் கொடுத்தால் காரணங்களை எழுத வேண்டும். ஜூரி காரணம் எழுதுவதில்லை. சாட்சியத்தை எப்படி நிறுத்தார்கள் என்று இறந்தவரின் குடும்பத்தால் படித்துப் பார்க்க முடியாது. அறிவுறுத்தல் எவ்வளவு சரியாக இருந்தாலும், கேட்பவர் மனதில் அது ஏறியதா என்று பார்க்கக் கருவி கிடையாது. அதனால்தான் அந்தப் பழக்கம் நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே, வீட்டிலும் கமிட்டியிலும் பாடசாலையிலும் வர வேண்டும் என்கிறேன். தமிழ் பேசும் ஜூரர் பட்டியலில் நாளைக்கு நமது பிள்ளைகளின் பெயர் வரலாம். அழைப்பு வந்தால் தட்டிக்கழிக்காமல் போக வேண்டும். போகும்போது இந்தப் பழக்கத்தோடு போக வேண்டும்.

நமது உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. தொழில் நியாய சபையில் இதே அளவு நிரூபணம் கேட்கப்படுவதில்லை. களவு என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தியிருந்தாலும், எது நடந்திருக்கக் கூடுதல் சாத்தியம் என்ற அளவில்தான் அங்கே பார்ப்பார்கள். ஆகவே நீதவான் விடுவித்துவிட்டார், வேலை தானாகக் கிடைக்கும் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வேலையை விட்டு நிறுத்தினால் 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். ஆனால் அங்கேயும், நிறுத்தியதை ஒப்புக்கொள்ளும் நிர்வாகம்தான் அதற்கு நியாயம் காட்ட வேண்டும். உள்ளக விசாரணையிலேயே தூரம், வெளிச்சம், நேரம் எல்லாவற்றையும் கேட்டுப் பதிலை எழுதி வையுங்கள். பின்னால் உதவும்.

துரை கேட்கும்போது ஆதாரம் எங்கே என்கிறோம். நம் ஆளை நாமே கேட்கும்போது ஆதாரம் தேவையில்லை என்கிறோம். இந்த இரண்டு தராசை வைத்துக்கொண்டு நாம் நியாயம் பேச முடியாது. ஒருநாள் நிர்வாகமே அதைச் சுட்டிக் காட்டும்.

ஆகவே எல்லாத் தோட்டக் கமிட்டிகளுக்கும் சில யோசனைகளை வைக்கிறேன். யார் மீதாவது குற்றச்சாட்டு வந்தால், கண்டவர் நேரில் வந்து சொன்னால் மட்டும் கேட்போம். குற்றம் சாட்டப்பட்டவர், தனக்கு வேண்டிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசியாகப் பேசட்டும். அவருக்கு உறவோ பகையோ உள்ளவர்கள் கமிட்டியில் இருந்தால் அன்றைக்கு விலகி உட்காரட்டும். அதே இரவில் எந்த முடிவும் வேண்டாம். பொலிஸில் முறைப்பாடு செய்வதா இல்லையா என்று மட்டும் தீர்மானிப்போம். இன்னார் கள்ளன் என்று பட்டம் கொடுக்கும் அதிகாரம் கமிட்டிக்கு இல்லை. எது எப்படி இருந்தாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் மீது கை வைக்க வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "வீட்டுக்குள்ள வந்து சொன்னா யாருக்குத் தெரியும் டீச்சர்? கோயில் படியில வச்சுத்தானே தீர்ப்புச் சொன்னீங்க."

அவர் சொன்னது நியாயம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அந்த முடிவை ரத்துச் செய்யும்படி நான் பிரேரணை கொண்டுவருகிறேன். நிறைவேறினால், அதைக் கோயில் படியில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்றும் கேட்பேன். கமிட்டியில் சிலர் விரும்பமாட்டார்கள் என்று தெரியும். நிறைவேறாவிட்டாலும், என் கையெழுத்தை நான் அந்தப் படியில் நின்றே மீளப் பெறுவேன்.